நெற்றிக்கு ஒரு ரூபாய்

ஆவாரங்குளத்திலிருந்து முக்குரோடு வரைக்கும் போய்த் திரும்பும் பொன்வண்டு மினி பஸ்ஸில், கண்டக்டர் குருவையா மிச்சமாகக் கொடுத்த ஒரு ரூபாய்க் காசுகள் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் தப்பாக வர ஆரம்பித்தன; தப்பு என்றால் லேசுப்பட்ட தப்பு இல்லை, தலைப்பக்கத்தில் எல்லாருக்கும் முகம் காட்டிக்கொண்டு நிற்கும் மூன்று சிங்கங்களில் ஒன்று முதுகைக் காட்டியது, இன்னொரு காசில் நடுச்சிங்கம் கொட்டாவி விட்டது, வேறொன்றில் மூன்றும் கால் வலித்தோ என்னவோ உட்கார்ந்தே விட்டன, அப்புறம் ஒரு காசில், இத்தனை வருஷமும் பின்னாலேயே நின்று ஒருத்தர் கண்ணிலும் படாமல் கிடந்த நாலாவது சிங்கம், நாமும் ஒருதரம் வெளிச்சத்தைப் பார்ப்போம் என்று மற்ற மூன்றையும் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. இதை முதலில் பார்த்தவள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற லூர்து. சிங்கத்துக்கும் அலுப்பு இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டு அவள் காசைப் பர்ஸில் போட்டு மூடினாள்.

விஷயம் மெல்ல மதுரைக்குப் போய்ச் சேர்ந்ததும், பழைய காசு வாங்கி விற்கும் பத்மநாபன் என்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்னப் பூதக்கண்ணாடியோடு வந்து இறங்கினார்; லூர்துவின் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட மறந்தார், "அச்சடிக்கிற எடத்துல நடந்த பிழைம்மா இது, லட்சத்துக்குப் போகும்" என்று சொல்லிவிட்டு, அந்த லட்சத்தை எடுத்துவர மதுரைக்குப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. ஆனால் லட்சம் என்ற சொல் ஊரிலேயே தங்கிவிட்டது. தங்கியதோடு நில்லாமல் டீக்கடையில் ஒன்றரையாகி, சலூனில் இரண்டாகி, கொட்டாவிச் சிங்கத்துக்குத் தனி விலை என்றும் நாலாவது சிங்கத்துக்கு விலை கேட்பதே பாவம் என்றும் வளர்ந்து, கடைசியில் எங்கள் ஊரில் லட்சாதிபதி அல்லாத குடும்பமே இல்லை என்றாகிவிட்டது. அத்தனை லட்சாதிபதிகளும் வழக்கம்போல ரேஷன் அரிசியைத்தான் பொங்கித் தின்றார்கள், ஏனென்றால் ஒருத்தரும் காசை விற்கவில்லை, விலை இன்னும் ஏறும் அல்லவா.

டிக்கெட் ஒன்பது ரூபாய். பத்து ரூபாயைக் கொடுத்தால் ஒரு ரூபாய் வரும். காசு குருவையாவின் தோல்பையில் கிடக்கும்போது ஒழுங்காகத்தான் இருந்தது, அவர் கையை விட்டு, எதிரே நீட்டிய கையில் விழும் அந்த இடைவெளியில்தான் சிங்கங்களுக்கு என்னமோ ஆயிற்று. ஆகவே போக ஒரு இடமும் இல்லாத ஆவாரங்குளத்து ஜனம் முழுக்க முக்குரோட்டுக்குப் போக ஆரம்பித்தது. போய், அங்கே புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று, வந்த வேலை முடிந்தது போல வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பியது. படுக்கையில் கிடந்தவர்களைக்கூட நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள், ஒன்பது ரூபாயை எண்ணிச் சரியாகக் கொடுத்த ஒரு வெளியூர்க்காரரைப் பைத்தியம் என்று நினைத்து இறங்குகிற இடம் வரை கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். காலமெல்லாம் "சில்லறையாக் குடுங்க, சில்லறையாக் குடுங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குருவையாவுக்கு மட்டும் இதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

ஊர் இதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. டெய்லர் சட்டைக்கு உள்ளே ஜிப் வைத்த பை தைத்துக் கொடுத்தார். கல்யாண வீடுகளில் ஐந்நூற்று ஒன்று மொய் எழுதுகிற வழக்கம் போய், ஐந்நூறை மட்டும் கவரில் வைத்து, "அந்த ஒண்ணு மனசுல இருக்கு மாப்ளே" என்று வாயால் சொல்லும் வழக்கம் வந்தது. கோயில் உண்டியலில் முன்பு காசு போட்டவர்கள் வந்து பூசாரியிடம் அம்மனுக்கும் தங்களுக்கும் சம பங்கு என்று வழக்குப் பேசினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரருக்குக் காசு போட மனசு வராமல் எல்லாரும் நோட்டாகவே போடவேண்டியதாயிற்று. அவர் கொஞ்ச நாளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, இந்த ஊரில் கஷ்டப்படுகிறவர்கள் அதிகம், பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

குருவையாவின் பெண்சாதி சொர்ணக்கிளிக்கு ஒரு காசு வேண்டியிருந்தது. பேராசை என்று சொல்ல முடியாது, வீட்டுக்கு மேலே போட்டிருந்த தகரம் ஓட்டையாகி, மழைக்கு வீட்டில் இருந்த பாத்திரமெல்லாம் அடுப்பில் இருப்பதைவிடத் தரையில் இருப்பதே அதிகமாக இருந்தது.

"ஊருக்கே அள்ளி அள்ளிக் குடுக்கீங்களே, ஒண்ணே ஒண்ணு வீட்டுக்குக் கொண்டாந்தா என்ன?" என்று அவள் கேட்டாள்.

"மொதலாளி பையில இருந்து காசு எடுக்கச் சொல்லுதியா?"

"எடுக்காண்டாம். நான் பத்து ரூவா தாரேன், டிக்கெட்டக் கிழிச்சு மிச்சத்தத் தாங்க."

"பஸ்ல வேலை பாக்கிறவங்க வீட்டாளுக்கு டிக்கெட் கெடையாது கிளி. அது மொதலாளி சொன்னது. ஓசிலதான் நீ வரணும்."

"ஓசில வந்தா மிச்சம் எப்படி வரும்?"

"வராது," என்றார் குருவையா. "ஒரு ரூவா ஒரு ரூவாதான். சிங்கம் எந்தப் பக்கம் பாத்தா நமக்கென்ன, கடைக்காரன் நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் சாமான் குடுப்பான்."

இப்படிப்பட்ட மனுஷனோடு யார்தான் குடித்தனம் நடத்த முடியும் என்று சொர்ணக்கிளி மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி திட்டினாள். திட்டிவிட்டு, அவருக்கு ரொம்பப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்தாள், அந்தக் குழம்பைத் தரையில் கிடந்த பாத்திரங்களுக்கு நடுவே இடம் பார்த்து உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

ஆவணி மாசத்து ஒரு காலையில், பஸ்ஸின் முதல் நடையிலேயே, படிக்கட்டுக்குப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்தபடி, விரலிடுக்கில் மடித்த நோட்டுகளோடு குருவையா செத்துப்போனார். எதிரே கையை நீட்டிக்கொண்டு நின்றவர் பலசரக்குக் கடை தவசிக்கனி அண்ணாச்சி. "மிச்சம் கண்டக்டரே, மிச்சம்" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், இரண்டு ஸ்டாப்பிங் தாண்டிய பிறகுதான் குருவையா தன்னை ஏமாற்றவில்லை, வேறு காரணத்தால் பேசாமல் இருக்கிறார் என்று அண்ணாச்சிக்குப் புரிந்தது. பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். தகவல் கேட்டு ஓடிவந்த முதலாளி, ஐயோ தங்கமான மனுஷன் என்று விம்மினார், விம்மிக்கொண்டே பிணத்தின் தோளிலிருந்து தோல்பையைப் பதனமாகக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஊரே வந்தது. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விபூதி பூசி, வாசலில் பந்தலும் பெஞ்சும் போட்டுக் கிடத்தியாயிற்று. எங்கள் ஊரில் சாவுச் சடங்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவர் பூவலிங்கம். அவர் பிணத்தின் தலைமாட்டில் குனிந்து சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் வட்டமாக அப்பிவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார்.

"நெத்திக்கு ஒரு ரூவா குடுங்கப்பா."

அதுவரை கேட்ட ஒப்பாரி நின்றுபோனது. வாசலில் இருந்த அத்தனை ஆம்பிளைகளின் கையும் அவரவர் பையை நோக்கிப் போயிற்று, போன கை உள்ளே நுழையாமல் பையை வெளியிலிருந்து பொத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. பொம்பளைகள் முந்தானையை இறுக்கிச் சொருகிக்கொண்டார்கள். சொர்ணக்கிளி தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள், அவள் பார்வை வருகிற பக்கமெல்லாம் எல்லாரும் திடீரென்று வானத்தைப் பார்த்தார்கள். அவளிடம் ஒரு ரூபாய்க் காசு இல்லை. பொழுது சாய்வதற்குள் தூக்கியாக வேண்டும், நெற்றிக்காசு வைக்காமல் தூக்குகிற வழக்கம் இல்லை.

"அஞ்சு ரூவாக் காசு வெச்சா என்ன?" என்று ஒருத்தர் கேட்டார்.

"இன்னைக்கு அஞ்சு வெச்சா நாளைக்குச் சாகிறவன் வீட்டுல பத்து கேப்பான், யாரு குடுக்கிறது?" என்றார் பூவலிங்கம்.

முதலாளியைப் பார்த்தார்கள். பையில் இருப்பதெல்லாம் ஒழுங்கான சிங்கம்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார், ஆனால் எந்த நேரம் திரும்பும் என்று யார் கண்டது, ஆகவே கொடுப்பதற்கில்லை என்றார். கடையில் பணம் வாங்க ஒட்டி வைத்திருக்கும் கட்டம் போட்ட அட்டையை நெற்றியில் ஒட்டிவிட்டால் போகிற இடத்தில் போனைக் காட்டி வரவு வைத்துக்கொள்வார்கள் என்று படித்த பையன் ஒருவன் யோசனை சொன்னான், பூவலிங்கம் பார்த்த பார்வையில் அவன் பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். பக்கத்து ஊரில் ஒரு காசு வாங்கிவர இரண்டு பேரைப் பைக்கில் அனுப்பினார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டுதான் அங்கிருந்து புறப்பட்டார்கள், ஆனால் வழியில் வண்டியை நிறுத்தி அதையே பார்த்ததில் வலப்பக்கத்துச் சிங்கத்தின் மீசை கொஞ்சம் வேறு மாதிரி இருப்பது போலத் தோன்றிவிட்டது, அதனால் வந்து, கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வெயில் ஏறியது. சாவு விழுந்த தெருவில் பிணத்தைத் தூக்கும்வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, ஆவாரங்குளத்தில் இருப்பதே இரண்டு தெரு, இரண்டும் இந்த விஷயத்தில் ஒரே தெரு, டீக்கடைகூடச் சாத்திக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் லட்சாதிபதிகள் எல்லாருக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பசித்த வயிறு யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது: ஊர்ப்பொதுவில் வரி பிரித்து, யாரிடமாவது ஒரு ரூபாய்க் காசு ஒன்றை விலைக்கு வாங்கிவிடலாம். தவசிக்கனி அண்ணாச்சி முன்னே வந்தார். அவரிடம் இருந்தது நாலாவது சிங்கம் முன்னால் வந்த காசு. இரண்டு லட்சத்துக்கு மேல் பெறும் சாமான், ஆனால் துக்க வீடு என்பதால் அடக்க விலைக்கே தருவதாகவும், ஒரு லட்சத்துக்கு ஒரு பைசா குறையாது என்றும் சொன்னார். ஆடு விற்றவர், கம்மலைக் கழற்றியவர், தீபாவளிச் சீட்டுப் பணத்தை எடுத்தவர் என்று ஊரே ஓடி ஓடி நோட்டாகக் கொண்டுவந்து கொட்டியது. தன் ஜிப் பையைத் திறந்து ஒரே ஒரு காசை எடுத்து வைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சி நோட்டுக்கட்டை மடியில் கட்டிக்கொண்டு, பஞ்சில் சுற்றிய காசைப் பிரித்துச் சொர்ணக்கிளியின் உள்ளங்கையில் வைத்தார். அப்படி ஒரு காசை அவள் கையில் தொடுவது அதுதான் முதல் தடவை. நாலாவது சிங்கத்தை அவள் பார்த்தாள், அதுவும் அவளைப் பார்த்தது.

"இது எவ்வளவு?" என்று கேட்டாள்.

"லட்சம்" என்றார் அண்ணாச்சி.

"அப்ப இது வேண்டாம்."

பந்தலே அதிர்ந்தது. "ஏ தாயி, ஒன் வாயில மண்ணு, பொழுது எறங்குது!" என்றார் பூவலிங்கம்.

"சடங்குக்கு ஒரு ரூவான்னு நீங்கதானே சொன்னீக மாமா. லட்சத்த நெத்தில வெச்சு அனுப்பினா, அங்க போயி அவரு நீட்டுவாரு. அங்க இருக்கிறவன், சில்லறை இல்ல, எறங்குன்னு சொல்லுவான். வாழ்நாள் பூராம் மத்தவங்ககிட்ட அந்தப் பேச்சப் பேசிப் பேசியே நொந்துபோன மனுஷன், செத்துப்போன எடத்துல அத அவரு கேக்கணுமா? எனக்கு ஒரு ரூவாக் காசுதான் வேணும். இத ஒரு ரூவான்னு ஊரு சொல்லட்டும், வைக்கிறேன். இல்லைன்னா அவரு இங்கயே கெடக்கட்டும், நானும் கெடக்கேன்."

சொல்லிவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்தால் எழுந்திரிக்க மாட்டாள் என்பது ஊருக்குத் தெரியும்.

பிறகு ஒவ்வொருத்தர் மனசிலும் அந்தந்த வயிறு நியாயம் பேச ஆரம்பித்தது. சொல்வதில் நமக்கு என்ன நஷ்டம், காசு அண்ணாச்சியுடையது, நம்முடையது பைக்குள்ளே பத்திரமாக இருக்கிறது, அடுத்தவன் காசு ஒரு ரூபாய் என்று சொல்ல வாய் வலிக்குமா என்ன. "ஒரு ரூவாதான்" என்றார் முதலாளி, தோல்பையை இறுக்கிக்கொண்டு. "ஒரு ரூவாதான்" என்றார் டெய்லர். மீசை வித்தியாசமான சிங்கத்தைப் பையில் வைத்திருந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். பூசாரி சொன்னார், படித்த பையன் வெளியிலிருந்தே கத்திச் சொன்னான், பொம்பளைகள் முந்தானையைப் பிடித்தபடி சொன்னார்கள், சொல்லச் சொல்ல வேகம் பிடித்து, இதெல்லாம் ஒரு காசா, இதுக்கு ஒரு டீ வருமா, தெருவில் கிடந்தால் எவனாவது குனிந்து எடுப்பானா என்றுகூடச் சிலர் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்கள். கடைசியாக எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவருக்கு என்ன, லட்சம் மடியில் இருக்கிறது. "ஒரு ரூவாதான் தாயி, சந்தேகமே இல்ல" என்று அவர் மனசாரச் சொன்னார்.

சொர்ணக்கிளி எழுந்து காசைத் துடைத்து, சந்தனத்தின் நடுவில் வைத்து அழுத்தினாள். நெற்றியில் மூன்று சிங்கங்கள் ஒழுங்காக நின்றன. டெய்லர்தான் அதை முதலில் கவனித்தார். கவனித்து, ஜிப்பைத் திறந்து தன்னுடையதை எடுத்துப் பார்த்தார், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சிங்கம் வாயை மூடிக்கொண்டு நேராக நின்றது. அப்புறம் பந்தலில் ஜிப் திறக்கும் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தவை எல்லாம் எழுந்திருந்தன, முதுகு காட்டியவை முகம் காட்டின, நாலாவது சிங்கம் ஒரு காசிலும் இல்லை.

பிறகு நடந்தது சாவு வீட்டில் நடக்கக்கூடாதது. பாதிப் பேர் நோட்டைத் திருப்பித் தரச்சொல்லி அண்ணாச்சியைத் துரத்திக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் ஓடினார்கள். மீதிப் பேர் பாடையைத் தூக்கினார்கள், தூக்கும்போது அவர்களுக்கு அப்படி ஒரு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலில் ஒருவன் பைக்குள் கைவிட்டு, பொத்திப் பொத்தி வைத்திருந்த காசை எடுத்துப் பொரியோடு பொரியாகப் பாடைக்கு மேலே விட்டெறிந்தான், உடனே இன்னொருவன் எறிந்தான், அப்புறம் வீட்டுக்குள் ஓடிக் குங்குமச் சிமிழையும் டப்பாவையும் எடுத்து வந்து கொட்டிக் கவிழ்த்து எறிந்தார்கள். எந்தப் பண்ணையார் சாவுக்கும் எங்கள் ஊரில் அவ்வளவு காசு இறைத்ததில்லை. குருவையா சில்லறைச் சத்தத்தோடு தெருவைத் தாண்டிப் போனார்.

பொம்பளைகள் நிற்கவேண்டிய முக்கில் சொர்ணக்கிளி நின்றுவிட்டாள். பக்கத்தில் லூர்து மட்டும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சொர்ணக்கிளிக்கு அழுகை வந்தது, வீட்டுக்காரர் போய்விட்டார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது போல வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து பார்த்தபோது தெரு நீளத்துக்கும் ஒரு ரூபாய்க் காசுகள் சாயங்கால வெயிலில் கிடந்தன, மனிதர்கள் அவற்றை மிதித்துக்கொண்டு அடுப்புப் பற்றவைக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் குனியவில்லை.

சொர்ணக்கிளி கண்ணைத் துடைத்துவிட்டு மடியை விரித்துக்கொண்டு குனிந்தாள்.

"யக்கா, என்னக்கா இது," என்று லூர்து பதறினாள். "பொணத்துக்கு எறிஞ்ச காசு. எடுக்கக் கூடாதுக்கா."

"எவன் எறிஞ்ச காசு?" என்றாள் சொர்ணக்கிளி, நிமிராமல். "பூராம் எங்க வீட்டுக்காரரு குடுத்த மிச்சம்."